சேன் பியேர்ப் பட்டினமும் நம்மவர் வழிபாடும்

மேற்கிந்தியத் தீவுகள் எனப்படும் தீவுக்கூட்டத்துள் மார்த்தினீக் என்பது ஒன்று. பிராஞ்சு தேசத்தாருக்கு உரிய அத்தீவின் மேலைக் கரையிலே, பெலே என்னும் எரிமலையின் அடியில், சேன் பியேர் என்னும் பட்டினம் உளது. அதனைக் காணச் செல்லும் யாத்திரிகர் இடிந்த சுவர்களைக் கண்டு, எரிமலையின் கதையைக் கேட்டு, அன்று மாலையே மீள்வர். அத்துணைத் தொலைவிலுள்ள பட்டினத்தைப்பற்றிச் சைவ நன்மக்கள் அறியவேண்டுவது யாது எனின், கூறுதும். 1853-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் ‘ஒரேலி’ என்னும் கப்பலினின்றும் அதன் துறையில் இறங்கிய 300-க்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். அவர் இறங்கிய பட்டினம் ஐம்பதாண்டு கழியுமுன் சாம்பராயிற்று. அவர் பேசிய மொழி இரண்டு மூன்று தலைமுறையில் வழக்கொழிந்தது. அவர் நெஞ்சில் வைத்துக் கொணர்ந்த வழிபாடு மட்டும் இன்றும் நிற்கின்றது.

தீவின் தலைநகராகிய போர் தெ பிரான்சினின்றும் வடக்கே சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர் கடற்கரை வழியே செல்லின் சேன் பியேரை அடையலாம். இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் பசுமலைகளும் உடன்வரும். 1635-இல் பியேர் பெலேன் தெனம்பூக் என்பவர் இதனை நிறுவினர். சர்க்கரையும் ரம் என்னும் மதுவும் இத்துறையினின்றே ஐரோப்பாவிற்குச் சென்றன. அச்செல்வத்தால் 1786-இல் ஏறத்தாழ 800 பேர் இருந்து காணத்தக்க நாடக அரங்கொன்று இங்கு எழுந்தது. அண்டிலீசின் பாரிசு என்று இதற்குப் பெயரும் வழங்கிற்று. அப்பெருமையெல்லாம் கருப்பங்காட்டில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளின் முதுகின்மேல் நின்றது என்பதனையும் உடன் சொல்லுதல் முறையாம்.

பட்டினம் நன்னிலையில் இருந்தபொழுது அதனைக் கண்டு எழுதிய யாத்திரிகருள் தலையாயவர் லாப்காடியோ ஹேர்ன் என்பவர். கிரேக்கத் தாய்க்கும் ஐரிசுத் தந்தைக்கும் மகனாகப் பிறந்த இவர் 1887-இல் அங்குச் சென்றனர். ஈராண்டளவு தீவில் வாழ்ந்து, 1890-இல் தம் நூலை வெளியிட்டனர். மஞ்சள் நிறச் சுவர்கள், சிவந்த ஓட்டுக் கூரைகள், தெருவோரக் கால்வாய்களில் மலையினின்றும் இடையறாது ஓடிவரும் தெண்ணீர், தலைச்சுமையோடு மலைகடந்து செல்லும் பெண்கள் ஆகிய யாவும் அந்நூலில் உள. பெலே மலையின் உச்சிவரை ஏறிய அவர் அதனை அமைதியான மலையாகவே கண்டனர். பின்னர் ஜப்பானுக்குச் சென்று 1904-இல் அங்கேயே உடல் நீத்தனர். தாம் எழுதிவைத்த தெருக்களுள் ஒன்றேனும் எஞ்சாமை அவர் உயிரோடிருக்கும்போதே நேர்ந்தது.

இனி நம்மவர் அங்குச் சென்ற காரணம் கூறுதும். 1848-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் பாரிசில் இயற்றப்பட்டது. அச்செய்தி கப்பலில் வந்து சேருமுன்னரே, மே 22-ஆம் நாள் சேன் பியேரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாளே கவர்னர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. விடுதலை பெற்றோர் பலர் தாம் துன்புற்ற தோட்டங்களில் மீண்டும் உழைக்க விரும்பாது அகன்றனர். வேலையாட்கள் இன்றித் தவித்த தோட்டமுதலாளிகள் புதுச்சேரியையும் காரைக்காலையும் நோக்கினர். ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று திங்கள் கடலிற் கழித்து நம்மவர் அங்குச் சேர்ந்தனர். 1853 முதல் 1883 வரை மார்த்தினீக்குக்குச் சென்றோர் ஏறத்தாழ 25,000 பேர். அவருட் பாதிக்கும் குறைவானவரே தாய்நாடு திரும்பினர்.

காரைக்காலென்றவுடன் அம்மையாரை நினையாத சைவர் இலர். அவர்தம் கணவனாகிய பரமதத்தனும் அத்துறையிற் கலமேறிச் சென்று, தன்னூர்க்கு மீளாது வேற்றூரில் வாழ்ந்தவனே. அவன் மீளாமைக்கு அம்மையாரின் தெய்வத்தன்மையைக் கண்டு கொண்ட அச்சம் காரணமாயிற்று. 1850-க்குப் பின் அதே ஊரிற் கப்பலேறியவர்க்குப் பஞ்சமும் கடனும் தரகர் சொல்லும் காரணமாயின.

அக்காலத்தே இங்கு நிகழ்ந்ததனையும் ஒப்புநோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவி, ஏடுகளை ஆராய்ந்து அச்சிட்டுச் சைவம் தழைக்கப் பாடுபட்ட காலம் அது. ஆதீனங்களில் சித்தாந்த சாத்திரங்கள் வழுவின்றி ஓதப்பட்டன. அந்நாளிலேயே, திருநீறு பூசிய ஏழைகள் நூற்றுக்கணக்காகக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். அவருக்குக் குருவும் இலர், ஏடும் இல்லை, ஓதுவாரும் இலர். பாதிரிமாரோ அவர் இறங்கிய துறையிலேயே காத்திருந்தனர். இதனை எண்ணுங்கால் பெருமைக்கு இடம் சிறிதும் நாணத்துக்கு இடம் பெரிதுமாம்.

1902-ஆம் ஆண்டு வந்தது. ஏப்பிரல் திங்களிற் பெலே மலை புகையும் சாம்பரும் கான்றது. மே 5-ஆம் நாள் மலையினின்றும் இழிந்த சேற்றுவெள்ளம் கடற்கரையில் இருந்த கேரேன் சர்க்கரை ஆலையை மூடிற்று. பட்டினத்தார் அஞ்சினர். அருகிலுள்ள நாட்டுப்புறத்தார் பலர் பட்டினமே காப்பென்று கருதி அதனுள் வந்து புகுந்தனர். ஆராய்ச்சிக்கு ஏற்படுத்திய குழுவினர் பட்டினத்துக்கு ஆபத்தில்லை என்றனர். மக்கள் தேறும்பொருட்டுக் கவர்னராகிய லூயி மூத்தே தம் மனைவியோடு வந்து தங்கினர். மே 11-ஆம் நாள் நிகழவேண்டிய தேர்தலுக்காகவே மக்களைப் போகாவண்ணம் தடுத்தனர் என்று பிற்காலத்துப் பலர் எழுதினர். கவர்னர் தாமே மனைவியோடு அங்கு வந்து மாண்டமையை நோக்கின் அது முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அறியாமையே பெரிதும் காரணம் என்க.

மே 8-ஆம் நாள், கிறித்தவர்க்குத் திருநாளாகிய வியாழக்கிழமை, காலை எட்டு மணியளவில் மலையின் பக்கம் பிளந்து, தீப்போன்ற ஆவியும் சாம்பரும் கலந்த முகில் நிலத்தைத் தழுவிப் பட்டினத்தின்மேற் பாய்ந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். துறையில் நின்ற கப்பல்களும் எரிந்தன. ரோடம் என்னும் ஆங்கிலக் கப்பலொன்று அரைகுறையாக எரிந்தபடியே செயின்ட் லூசியாவை அடைந்தது. பட்டினத்துக்குள் இருந்து பிழைத்தோருள் சிப்பாரி என்பவன் தடித்த சுவர்களையுடைய சிறையறையில் அடைக்கப்பட்டிருந்தவன். நான்காம் நாள் வெளியே எடுக்கப்பட்டான். பின்னர் அமெரிக்கச் சர்க்கசுக் கூட்டத்தார் அவனைக் காட்சிப்பொருளாக ஊர்தோறும் கொண்டு சென்றனர்.

பட்டினத்தாரின் பாவத்தால் நேர்ந்த தெய்வ தண்டனை இது என்று சொன்னாரும் உளர். நம் கூட்டத்தாருள்ளும் இத்தகைய செய்தி கேட்டவுடன் ‘சங்காரத் தாண்டவம்’ என்று சொல்லி அமைவார் உண்டு. இரண்டும் ஆராயாது கூறுவனவாம். சங்காரமாவது பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு இறைவன் அருளும் இளைப்பாற்றல் என்பதே சித்தாந்தம், தண்டனையன்று. ஒரு பட்டினம் எரிந்தமை அச்சங்காரமும் அன்று. அவரவர் பிராரத்தம் முடிந்தவழி உடல் நீங்கினமையே. அவ்வினை இன்னது என்று அளந்து கூறும் கோல் நம்பால் இல்லை. சிறையிலிருந்தவன் பிழைத்தான், தொட்டிற் குழவி மாண்டது. இதனைக் கொண்டு குழவியினும் அவன் நல்லன் என்று துணிவார் யாவர்? வினையென்னும் சொல் தன் செயலை ஆராய்வதற்கே ஒருவனுக்குப் பயன்படுவது; பிறர் துன்பத்தை விளக்குதற்கு அதனைக் கையாளுவது கொடுமையாக முடியும்.

இன்று அப்பட்டினத்தில் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்கின்றனர். நாடக அரங்கின் படிக்கட்டும் அடிச்சுவர்களும், அதனருகே சிப்பாரியின் சிறையறையும் உள. அமெரிக்கராகிய பிராங்க் பெரே 1933-இல் நிறுவிய காட்சிச்சாலையில் உருகிய கண்ணாடிகளும் சிதைந்த மணியும் வைக்கப்பட்டுள்ளன. துறையின் அடியில் கப்பல்கள் கிடக்கின்றன. நீர்மூழ்கிகள் அவற்றைக் காண்கின்றனர். 2023-இல் அம்மலையும் வடபாகத்துக் காடுகளும் உலகப் பாரம்பரியச் செல்வமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன.

நம்மவர் வழிபாட்டைக் காண விரும்புவோர் அங்கிருந்து மொர்ன் ரூழ் வழியே மலையைச் சுற்றி வடகீழ்க் கரைக்குச் செல்லுதல் வேண்டும். 1902 மே 8-இல் எரிமுகில் தென்மேற்கே பாய்ந்தமையால், மலையின் மறுபுறத்துள்ள பாஸ் புவேந்து என்னும் ஊர் அதற்குத் தப்பிற்று. அவ்வூரைச் சார்ந்த கிரதி என்னுமிடத்தில் நம்மவர் கோயிலொன்று உளது. அங்கு ‘மாரியெமென்’ என்றும் ‘மால்தெவிலேன்’ என்றும் வழங்குவோர் நம் மாரியம்மையும் மதுரைவீரனுமேயாம். ‘நகூர்மிரா’ என்று ஒரு தெய்வத்துக்கும் வணக்கம் நடைபெறும். நாகூரில் அடங்கிய முசுலிம் பெரியவரையே அங்ஙனம் போற்றுகின்றனர். நாகை, காரைக்கால் பக்கத்து இந்துக்கள் நாகூரில் நேர்ந்துகொள்ளும் வழக்கை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது; கடல் கடக்கையில் கப்பலைக் காத்தவரை அவர்கள் கரையேறியும் மறந்திலர். பறையும் மத்தளமும் முழங்கப் பூசாரி வெட்டுக்கத்தியின் வாய்மேல் நிற்பன். பாட்டும் வேண்டுகோளும் தமிழே. ஆயினும் பாடுவார் பலர்க்கு அவற்றின் பொருள் தெரியாது. வீட்டில் வழங்குவது பிராஞ்சும் அதன் திரிபாகிய கிரெயோல் மொழியுமேயாம்.

ஆட்டையும் சேவலையும் பலியிடும் வழக்கம் அங்கு இன்றும் உளது. உயிர்ப்பலியை நாவலர் எத்துணை வன்மையாகக் கண்டித்தனர் என்பது யாவரும் அறிந்ததே. அக்கண்டனம் நியாயமே, கொலை எந்நாட்டிற் செய்யினும் கொலைதான். ஆயினும் கண்டிப்பதற்கு உரிமை முன்னர்க் கற்பித்தவர்க்கே உண்டு. கற்பிப்பார் எவருமின்றி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டு, ‘கூலி’ என்று இகழப்பட்ட நிலையிலும், தம் தாயர் வணங்கிய அம்மையைக் கைவிடாமை எளிய பக்தியன்று.

அண்டைத் தீவாகிய குவாதலூப்பிலும் நிலை இதுவே. அங்கு வேம்பினை ‘வெப்பெலே’ என்பர், வேப்பிலையே அது. தெருக்கூத்துப்போன்ற ஆடலை ‘நாத்ரோன்’ என்பர். நாடகம் அவ்வாறு திரிந்தது. அத்தீவில் 1863-இற் பிறந்த ஆங்ரி சிதம்பரம் என்பவர், இந்தியர் வழிவந்தோர்க்குப் பிராஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றனர். ‘சிதாம்பரோம்’ என்று ஒலித்தாலும், பிராஞ்சு அரசாங்கத்தின் வழக்குத் தாள்களிற் பத்தொன்பதாண்டு திரும்பத் திரும்ப எழுதப்பட்டது பொன்னம்பலம் உள்ள தலத்தின் திருப்பெயரே.

சேன் பியேரைக் காணச் செல்லும் நம்மவர் அரங்கின் படிக்கட்டோடு திரும்பிவிடாது, மலையைச் சுற்றிச் செல்லும் பாதையையும் மேற்கொள்வாராக. காலையிற் புறப்படின் நண்பகலுக்குமுன் கிரதியை அடைந்துவிடலாம்.