வளரிளம் பெண்களின் உணவு: வீடும் பள்ளியும்

வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரையிலான காலம். இப்பருவத்தில் பெண்களின் உயரமும் எடையும் விரைந்து கூடுகின்றன, மாதவிடாயும் தொடங்குகிறது. ஆகவே இரும்புச்சத்தின் தேவை உயர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. இரும்புச்சத்து தேவை, அதே வயதுள்ள ஆணுக்கு 22 மி.கி. போதும். ஆனால் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இதற்குப் பெண்ணின் விருப்பு வெறுப்பு மட்டும் காரணமன்று. அவளைச் சுற்றியுள்ள உணவுச் சூழலும் காரணமாகும்.

வீட்டுச் சூழல்

• காலை வகுப்பு, பேருந்து நேரம், வீட்டு வேலை ஆகியவற்றால் காலை உணவு தவறுகிறது.
• ஆண்களுக்குப் பரிமாறிய பின் எஞ்சியதையே பெண்கள் உண்ணும் வழக்கம் சில வீடுகளில் தொடர்கிறது. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் பெண்ணின் பங்கு குறைகிறது.
• மாதவிடாய் நாள்களில் சில உணவுகளை விலக்குகின்றனர். இதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை.
• உடல் பருமனைக் குறித்த கேலிப் பேச்சு, பெண்ணை உணவைத் தவிர்க்கத் தூண்டுகிறது.

பள்ளிச் சூழல்

• தமிழ்நாட்டில் சத்துணவு 10ஆம் வகுப்பு வரை முட்டையுடன் வழங்கப்படுகிறது. 11, 12ஆம் வகுப்பு மாணவியர் வீட்டு உணவையோ கடையையோ சார்ந்துள்ளனர்.
• பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என 2020ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. மீறல் இருப்பின் பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் தெரிவிக்கலாம்.
• கழிப்பறை தூய்மையாக இல்லையெனில் மாணவியர் தண்ணீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர். இதனால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் ஏற்படலாம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• அனைவரும் சேர்ந்து அமர்ந்து, சமமாகப் பகிர்ந்து உண்ணுதல் வேண்டும்.
• முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, சுண்டல், முட்டை ஆகியவற்றை அடிக்கடி சேர்க்கவும். உடன் எலுமிச்சை, நெல்லிக்காய் அல்லது கொய்யா உண்டால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும்.
• உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர், காபி வேண்டாம்.
• பள்ளியில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்கச் செய்யவும். மலம் கறுத்துப் போவது இயல்பே. அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
• குடற்புழு நீக்க மாத்திரையையும் உரிய காலத்தில் உட்கொள்ளச் செய்யவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

தொடர்ந்த சோர்வு, படியேறும்போது மூச்சிரைப்பு, வெளிறிய கண் இமை, பச்சரிசி, மண், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்னும் ஆவல், மிகுதியான மாதவிடாய்ப் போக்கு, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளவும். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை ஆகும். அந்நிலையில் உணவு மட்டும் போதாது; மருத்துவரின் ஆலோசனைப்படி சிகிச்சையும் தேவை.