வேய்டின் பாதை: மலைநிலச் சாலை ஒன்றின் வரலாறு

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் வீல்டேல் என்னும் வெளி உள்ளது. அங்கே கற்கள் பாவிய வரம்பு ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குக் காணப்படுகிறது. அகலம் ஏறத்தாழ 5 மீட்டர். நீர் வடிவதற்கான சிறு மதகுகள் அதன் குறுக்கே அமைந்துள்ளன.

வட்டார மக்கள் இதனை 'வேய்டின் பாதை' என்றனர். வேய்ட் என்பான் பேருருவம் படைத்தவன். அவன் மனைவி பெல். அவளுடைய பசு மேட்டுநிலத்துக்கு அப்பால் மேய்ந்தது. நாள்தோறும் அவள் சென்று பால் கறந்து மீள அவன் இப்பாதையை அமைத்தான் என்பதும், அவள் மடியில் கல் சுமந்து உதவினாள் என்பதும் செவிவழிக் கதை.

18ஆம் நூற்றாண்டில் கதை வரலாறாக மாறியது. யார்க் நகர மருத்துவர் பிரான்சிஸ் டிரேக், 1736இல் வெளியிட்ட 'எபோராக்கம்' என்னும் நூலில் இதனை உரோமானியச் சாலையாகப் பதிவு செய்தார். அக்கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. உரோமானியப் படை கி.பி. 71 அளவில் யார்க்கில் பாசறை அமைத்தது. மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் காத்தார்ன் முகாம்களும், வடபுறத்தில் லீஸ் ரிக் கோட்டையும் உரோமானியருடையவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே வீல்டேல் அமைந்துள்ளது.

மலைநிலத்தில் உரோமானியச் சாலையைத் தேடுவோர் சில அடையாளங்களை நோக்குவர். ஓர் உயரத்திலிருந்து மற்றோர் உயரத்துக்குச் செல்லும் நேர்கோடு, உயர்த்திய கரை, இருபுறப் பள்ளங்கள், செங்குத்துச் சரிவில் மட்டும் வளைந்து இறங்கும் தடம் ஆகியன அவை. இம்முறையில் களத்தை அளந்து ஹேய்ஸ், ரட்டர் என்னும் இருவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, உரோமானியச் சாலை என்னும் கருத்தை வலுப்படுத்தியது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. உரோமானியச் சாலையில் எதிர்பார்க்கத்தக்க சரளை மேற்பரப்பு இங்கில்லை. மழை அதனை அரித்துச் சென்றது எனச் சமாதானம் கூறப்பட்டது. இல்லாத சான்றுக்கு விளக்கம் கிடைத்ததேயன்றிச் சான்று கிடைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐயம் வலுத்தது. இது சாலையே அன்று, புதிய கற்கால மக்கள் இட்ட எல்லை வரம்பாக இருக்கக்கூடும் என்னும் கருத்தும் எழுந்தது. அது மெய்யாயின், உரோமானியர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இக்கற்கள் அங்கே கிடந்தன என்றாகும்.

முகாம்கள் இரண்டும் மெய். அவற்றிடையே படைவீரர் நடந்திருக்க வேண்டும் என்பதும் பொருந்தும். ஆனால் அவர்கள் நடந்தது இக்கற்களின் மேல்தான் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டு புள்ளிகள் உறுதியாயிருத்தலால் இடைக்கோடும் உறுதியாகிவிடாது.

இவ்விடம் இன்றும் 'வீல்டேல் உரோமானியச் சாலை' என்றே வழங்குகிறது. பெயர் நிலைத்துவிட்டது; பொருள் மட்டும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. பசுவுக்காகப் பாதை கண்ட கதை, தன்னைக் கதை என்றே சொல்லிக்கொண்டது. அறிஞர் உரை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு உண்மையாகவே நின்றது. அதனை மீண்டும் கேள்வியாக்கத் துணிந்ததே இப்பாதையின் வரலாற்றில் சிறந்த பகுதி எனலாம்.