முதியோருக்கான சமூகம் சார்ந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு

முதியவரின் மருத்துவம், உணவு, நடமாட்டம், வருமானம், துணை ஆகியவற்றை அவர் வாழும் வீட்டிலும் தெருவிலும் வைத்தே சேர்த்துக் கவனிப்பது சமூகம் சார்ந்த ஒருங்கிணைந்த பராமரிப்பு எனப்படும். உலக சுகாதார அமைப்பு இதற்கான வழிகாட்டு நெறிகளை 2017இல் வெளியிட்டது. தமிழகத்தில் இதன் கூறுகள் அதற்கு வெகு முன்பே, வெவ்வேறு துறைகளின் வழியாக ஒவ்வொன்றாக வந்தன.

முதுகுன்றம்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் முதுகுன்றம். ஊரின் பெயரிலேயே முதுமை இருக்கிறது. பசியோடு இங்கு வந்த குருநமசிவாயர் அம்மனைக் கிழத்தி என்று பாடி உணவு கேட்டார். கிழவியால் எப்படிச் சோறு கொண்டு வர முடியும் என்று அம்மன் முதியவளாக வந்து கேட்டாளாம். பிறகு இளையவளாகப் பாட, இளம்பெண்ணாய் உணவுடன் வந்தாள் என்பது தலக்கதை. விருத்தாம்பிகை, பாலாம்பிகை என இருவருக்கும் கோயிலில் சந்நிதி உண்டு. முதியவரால் நடந்து போய் எதையும் பெற இயலாது என்ற எளிய உண்மையை ஊர் இப்படிக் கதையாக வைத்திருக்கிறது.

இன்று இவ்வூர் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண் அருகில் கிடைப்பது இதற்கு ஒரு காரணம். மண் சுமந்து, வார்ப்பில் ஊற்றி, சூளை வெக்கையில் நின்றவர்களுக்கு மூட்டும் முதுகும் தேய்ந்துபோகும். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கக் கூடியது. அதன் பாதிப்பு வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். இத்தகையவருக்கு மாத்திரை மட்டும் போதாது.

வந்த வழி

1962 ஏப்ரல் 1இல் சென்னை மாகாணத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தொடங்கியது. 1983இல் சத்துணவுத் திட்டம் ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் விரிந்தது. மருத்துவம் தனி வழியில் வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு வந்தது. நல்ல முயற்சிதான், ஆனால் விருத்தாசலத்து முதியவருக்குச் சென்னை எட்டாத தொலைவு.

2004 ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கடலோரத்தில் பல முதியோரை ஆதரவற்றோராக்கியது. அதன்பின் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. கடலூர் அருகே தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தையும் உருவாக்கியது. முதியவரைக் கையேந்துபவராக மட்டும் பார்க்காமல், கூடி முடிவெடுப்பவராகவும் பார்த்தது இதன் சிறப்பு.

வீட்டுக்கே வந்த மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்வர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைத் தன்னார்வப் பெண்கள் வீட்டில் தருகின்றனர். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் கிடைக்கின்றன. 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

நடமாட்டம், நினைவாற்றல், ஊட்டம், பார்வை, செவித்திறன், மனநிலை என்ற ஆறையும் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. தமிழகத் திட்டத்தின் பலம் முதலாவதிலும் நாட்பட்ட நோய்களிலும்தான். மறதிக்கும் தனிமைக்கும் பையில் மருந்து இல்லை. ஆனால் மாத்திரை கொண்டு வருபவர் பெரும்பாலும் அதே ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்பதை அறிய அவருக்குப் பதிவேடு தேவைப்படுவதில்லை.