ஏ.எக்ஸ். என்னும் ரீல்: சி.எம்.எக்ஸ். 3600 பட்டியலில் நாடா இல்லாத பிம்பம்

கணினிவழிப் படத்தொகுப்பின் வரலாற்றை எழுதியோரிடையே ஒரு கருத்து ஏறக்குறைய மரபாகவே நிலைத்துவிட்டது. சி.எம்.எக்ஸ். 3600 வடிவில் அமைந்த இ.டி.எல். என்னும் தொகுப்பு முடிவுப் பட்டியல் வீடியோ நாடாவின் எச்சம். கணினியில் பிறந்த பிம்பம் அதற்குள் திணிக்கப்பட்டுத் தன் இயல்பை இழந்தது. பிக்ஸார் உருவாக்கிய ஓப்பன்டைம்லைன்ஐஓ 2017-இல் பொதுவில் வெளிவந்த பிறகே வி.எஃப்.எக்ஸ்., அனிமேஷன் ஸ்டுடியோக்களுக்கு ஏற்ற பரிமாற்ற வடிவம் அமைந்தது என்பர். நாடாவின் எச்சம் என்பதில் உண்மை உண்டு. 1971-இல் சி.பி.எஸ்.ஸும் மெமோரெக்ஸும் கூட்டாகத் தொடங்கிய சி.எம்.எக்ஸ். நிறுவனத்தின் 3600 தொகுப்புமுறை நாடாவை ஆதாரமாகக் கொண்டது. ஆனால் கணினிப் பிம்பத்துக்குப் பட்டியலில் இடமே இல்லை என்ற முடிவை ஏற்க இயலவில்லை. பட்டியலை வரிவரியாகப் படித்தால் மாறான சான்றே கிடைக்கிறது.

ஒரு நிகழ்வு வரியில் வரிசை எண், ரீல் பெயர், தடம், கட்டா டிசால்வா வைப்பா என்னும் குறி, அவற்றின்பின் நான்கு டைம்கோடுகள் என்பன துறையினர் அறிந்தவை. முதலிரு டைம்கோடுகள் மூலத்துக்குரியவை. பின்னிரண்டும் தொகுத்த படத்துக்குரியவை. ரீல் பெயருக்கான இடத்தில் இரு பெயர்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன: கறுப்புத் திரைக்குப் பி.எல்., டைம்கோடால் கட்டுப்படுத்த முடியாத துணை மூலத்துக்கு ஏ.எக்ஸ். பின்னதே இக்கட்டுரையின் பொருள்.

ஏ.எக்ஸ். வரிகளைத் தகவல் இழப்பாகவே ஆய்வாளர்கள் எண்ணிவந்துள்ளனர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிளிப்பில் ரீல் பெயர் பதியாமல் போனால் இன்றைய மென்பொருள்கள் சில அவ்விடத்தை ஏ.எக்ஸ். கொண்டு நிரப்பிவிடுகின்றன. ஆகவே ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு நிலைகள் கலந்து கிடக்கின்றன. கலப்பு இருக்கிறது என்பதற்காக முழுவதையும் பிழை என ஒதுக்குவது தவறு. மூல டைம்கோட்டைக் கொண்டு அவற்றைப் பிரிக்கலாம்.

ஏ.எக்ஸ். வரியொன்றின் மூலத் தொடக்கம் 14:22:07:10 என்பதுபோல் அமைந்தால், அது பெரும்பாலும் பகல்நேரக் கடிகாரத்தோடு ஓடிய கேமராவின் டைம்கோடாக இருக்கும். ரீல் பெயர் மட்டும் தவறிப்போயிருக்கிறது. 00:00:00:00 என்றிருந்தால், தனக்கென டைம்கோடு இல்லாத கோப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. மூன்றாவது வகையை, நான் அறிந்தவரை, யாரும் தனியே எடுத்துப் பேசவில்லை. ஒரு வரி 00:00:42:01-இல் தொடங்குவதாகக் கொள்வோம். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் 42 நொடிக்கு 1008 ஃபிரேம்; ஒன்றைக் கூட்ட 1009. வி.எஃப்.எக்ஸ். ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஷாட்டின் முதல் ஃபிரேமுக்கு 1001 என்று எண்ணிடுவது வழக்கம். பின்னர் முன்பக்கம் நீட்ட நேர்ந்தாலும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அந்த 1001-ஐ டைம்கோடாக எழுதினால் 00:00:41:17. கட்டுக்கு முன் கூடுதலாக விடும் ஃபிரேம்களான ஹேண்டில் தொடக்கத்தில் 8 என்றால், கட் விழுவது சரியாக 1009-இல்.

இத்தகைய வரியில் 00:00:42:01 என்பது நாடாவில் ஓடிய டைம்கோடும் அன்று; கேமரா பதிந்ததும் அன்று. ஒரு ஷாட்டுக்குள் மட்டுமே பொருள்படும் ஃபிரேம் எண் டைம்கோடு வடிவில் மூலத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. ஹேண்டில் அளவு படத்துக்குப் படம் மாறும். ஆகவே ஒரே ஒரு மதிப்பைத் தேடிப் பயனில்லை. அடுத்தடுத்த ஷாட்டுகளின் மூலத் தொடக்கங்கள் 41, 42-ஆம் நொடிகளிலேயே திரும்பத் திரும்ப விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வகை வரிகளில் ஏ.எக்ஸ்.-க்குப் பதிலாகச் சுருக்கிய ஷாட் பெயர் வருவதும், முழுப் பெயர் நட்சத்திரக் குறியிட்ட குறிப்பு வரிக்கு இறங்கிவிடுவதும் உண்டு. அவற்றுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. நான்கு டைம்கோடுகளும் சம உரிமை கொண்டவை என்று படிப்பது கேமராப் படத்துக்கு ஒக்கும். உருவாக்கப்படும் பிம்பத்துக்குப் பின்னிரண்டுமே முதன்மை. அனிமேஷனில் இது இன்னும் வெளிப்படை. ஸ்டோரி ரீல் தொகுக்கப்படும்போது கையில் இருப்பவை ஓவியப் பலகைகளும் தற்காலிகக் குரல்களுமே. ஷாட் இத்தனை ஃபிரேம் என்பது தொகுப்பில் முடிவாகி, அந்த எண்ணிக்கைக்கு அனிமேட்டர் அசைவு அமைக்கிறார். நீளம் போதவில்லையென்றால் தொகுப்பறையிடம்தான் கேட்டுப் பெறுகிறார். பட்டியல் முன்னே வர, மூலம் பின்னே உருவாகிறது. ஓப்பன்டைம்லைன்ஐஓ-வில் ஒரு கிளிப்புக்கு ஊடகமே இல்லை என்பதைக் குறிக்கத் தனி வகை இருப்பதும், அது ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் பிறந்ததும் தற்செயல் என நான் கருதவில்லை. ஏ.எக்ஸ்.-இலிருந்து அது நேராகக் கிளைத்தது என்பதும் என் வாதம் அன்று. இரண்டும் ஒரே தேவைக்கு எழுந்த விடைகள்; முதல் விடை நாடாக் காலத்திலேயே கிடைத்துவிட்டது.

1989-இல் ஆவிட் வந்தபின் தொகுப்பு முழுவதும் டைம்லைனுக்குள் நிகழ்கிறது, இ.டி.எல். வெறும் ஏற்றுமதி என்ற மறுப்பு எழலாம். தொகுப்பறைக்குள் எது ஓடினாலும், அங்கிருந்து ஸ்டுடியோவுக்கு எது போகிறது என்பதே இங்குள்ள கேள்வி. ஏ.ஏ.எஃப். என்னும் பரிமாற்ற வடிவம் கூடுதல் தகவலைச் சுமக்கிறது என்பதும் இவ்வாதத்தைத் தொடுவதில்லை. ஷாட் எண்ணிக்கையையும் நீளத்தையும் வைத்து விலை பேசுபவர் கண்ணால் படித்துச் சரிபார்க்கக்கூடியது எளிய எழுத்துக் கோப்பான இ.டி.எல்.தான்.

உண்மையான இடர்ப்பாடு எம் 2 வரியில் இருக்கிறது. வேகமாற்றத்தை அது நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற ஒற்றை எண்ணால் சொல்கிறது. உறைந்த ஃபிரேமுக்குப் பூஜ்யம், பின்னோட்டத்துக்கு எதிர்க்குறி என்பவற்றுக்கு அது போதும். ஷாட்டின் நடுவே வேகம் படிப்படியாக ஏறினால் அவ்வளைவை எழுத வரியில் இடமில்லை. படச்சட்டத்தை நகர்த்தியதும் பெரிதாக்கியதும் இப்படியே விடுபடுகின்றன. இவற்றை லைன்-அப் ஷீட்டில் எழுதி, தொகுத்த படத்தோடு ஃபிரேம் ஃபிரேமாக ஒப்பிட்டுப் பார்த்து ஸ்டுடியோவுக்குச் சேர்ப்பவர் வி.எஃப்.எக்ஸ். எடிட்டர். பட்டியலின் வெற்றிடத்தில் அவருடைய பணி இத்தனை விரிவாக வளர்ந்திருந்தும், இத்துறை வரலாறுகளில் அவருக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் கிடைத்ததில்லை. 41, 42-ஆம் நொடிகளில் தொடங்கும் வரிகளைப் பிரித்தெடுத்து, அந்தந்த ஷாட்டின் லைன்-அப் ஷீட்டோடு வைத்துப் படித்தால் எந்தக் கணக்கைப் பட்டியல் செய்தது, எதை அவர் கையால் செய்தார் என்பது ஷாட் வாரியாகத் தெரியவரும். இ.டி.எல். கோப்பை மட்டும் வாங்கிவைத்து ஷீட்டுகளைக் கழித்துவிடும் காப்பகத்தில் இந்த ஆய்வுக்கு வழியில்லை.