டி206 புகையிலை அட்டைகள்

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வெளியிட்ட பேஸ்பால் வீரர் பட அட்டைத் தொகுதி. சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக் தம் அட்டவணையில் இட்ட குறியீடே பெயராக நிலைத்தது. முன்புறம் வீரரின் வண்ணக் கல்லச்சுப் படம்; பின்புறம் சிகரெட் விளம்பரம்.

விலை: வீரரின் புகழ், அட்டையின் அருமை, பின்புற விளம்பரம், அட்டையின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் சிகரெட் விளம்பரங்கள் மிகுதி. பேஸ்பால் வீரர் டை காப் பெயருள்ள பின்புறம் மிக அரிது. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் மூலை, விளிம்பு, மடிப்பு, பட மையம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகின்றன. ஓரம் வெட்டிச் சீர்செய்த அட்டையின் மதிப்பு வெகுவாகக் குறையும். வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை அச்சு இடையிலேயே நின்றதால் சில டஜன்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்பனையானது.