லீனா மணிமேகலை

விருதுநகர் மாவட்டத்து மகாராஜபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் கவிஞர்; திரைப்பட இயக்குநர். ‘ஒற்றையிலையென’, ‘உலகின் அழகிய முதல் பெண்’ முதலிய கவிதைத் தொகுதிகளின் ஆசிரியராக இலக்கிய உலகில் அறியப்பட்டவரே எனினும், ஸ்திரீகளின் உரிமை பற்றிய விசாரணையில் அவருடைய கவிதையைக் காட்டிலும் காமிராவே அதிக தூரம் சென்றிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

அவருடைய முதல் ஆவணப்படமாகிய ‘மாத்தம்மா’ (2002), சோளிங்கருக்குக் கிழக்கே அரக்கோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அருந்ததியர் மக்களிடையே வழங்கிய ஒரு சம்பிரதாயத்தைப் பற்றியது. பெண் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது, பிழைத்தால் உனக்கே விட்டுவிடுகிறேன் என்று பெற்றவர்கள் மாத்தம்மனிடம் வேண்டிக்கொள்வதும், பிழைத்த குழந்தைக்கு அம்மன் பேரால் தாலி கட்டி, அதன்பின் அவளுக்கு வேறு விவாகமே இல்லையென்று ஆக்கி, திருவிழாதோறும் ஆடவிடுவதும் அதன் கிரமம். தெய்வத்துக்கு உரியவள் என்று பெயர், நடைமுறையிலோ கேட்பாரற்றவள். பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. பெருங்கோயில்களின் தேவதாசி முறையை அது ஒழித்த வேகம் சேரியின் சிறுகோயில் வரையில் எட்டவில்லை.

சோளிங்கரை அறிந்தவர்களுக்கு இதில் சற்றே நெஞ்சு உறுத்தும். தக்கான் குளத்தில் முழுகி, ஈரத்துணி காலைத் தடுக்க, கையிலுள்ள பழத்தைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொண்டு, அவ்வூர் யோக நரசிம்மர் மலைக்கோயிலின் 1305 படிகளையும் ஏறுகிறவர்களில் பலர், சித்தம் கலங்கிய ஓர் உறவினருக்காக வேண்டிக்கொண்டவர்களே. நோய்க்கு அஞ்சிய மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் இங்கே வேண்டிக்கொண்டவர் தம் காலால் ஏறிக் கடனைத் தீர்க்கிறார், அங்கே வேண்டுதலை அறியாத குழந்தையின் ஆயுள் முழுவதும் கடனில் போகிறது.

தலித் பெண்கள்மீது நிகழும் வன்முறையைச் சொல்லும் ‘பறை’ அடுத்து வந்த படங்களுள் ஒன்று. ஒப்பாரி பாடும் ஒருத்தி, கடலில் மீன்பிடிக்கும் ஒருத்தி, அநாதைப் பிணங்களைப் புதைக்கும் ஒருத்தி ஆகிய மூவரைப் பின்தொடரும் ‘தேவதைகள்’, 2008ஆம் ஆண்டு மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கச் சங்கு விருது பெற்றது. அவருடைய படைப்புகளில் மேலானது இதுவே எனலாம். தனுஷ்கோடி மீனவரைப் பற்றிய கதைப்படமாகிய ‘செங்கடல்’ தணிக்கையில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2011இல் அனுமதி பெற்றது. இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்தித்து எடுத்த ‘வெள்ளை வேன் கதைகள்’ 2013இல் வெளிவந்தது.

படங்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மாத்தம்மா, தேவதைகள், மாடத்தி, காளி என்று தெய்வங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. கண்ணில் படவே கூடாதென்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குலத்துச் சிறுமி தெய்வமான கதையைச் சொல்லும் ‘மாடத்தி’ (2019) ஆவணப்படமன்று; ஆயினும், உயிரோடிருக்கையில் பெண்ணை என்ன செய்தோம் என்று அரக்கோணத்துப் பக்கம் எழுந்த கேள்வியே அதில் கதையுருவில் திரும்பி வருகிறது. ‘காளி’யின் சுவரொட்டியில் தேவி வேடத்திலுள்ள பெண் புகைபிடிப்பதாகக் காட்டியது 2022இல் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று; பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாக, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவரைக் கைது செய்யாதபடி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.