காத்த நஞ்சும் காப்போர் நலமும்

அரும்பொருட்சாலைகளின் வரலாற்றை எழுதியோர், பொருள்களைச் சேகரித்தோரின் பெயர்களையே பெரிதும் பதிவு செய்தனர். அப்பொருள்கள் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் இரையாகாது காத்த நஞ்சினைப் பற்றியோ, அதனைக் கையாண்ட ஊழியரைப் பற்றியோ அவர்கள் அதிகம் கூறினாரல்லர்.

18ஆம் நூற்றாண்டிலே பிரான்சின் மெட்ஸ் நகர மருந்தாளரான பெக்கோர், ஆசனிக்குடன் கற்பூரமும் சவர்க்காரமும் சேர்த்துப் பறவைத் தோல்களைப் பாதுகாத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை அச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. உலர்தாவரத் தாள்களுக்கோ இரசக் குளோரைட்டு பூசப்பட்டது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் முதற் பணிப்பாளர் ஹேலி, தேங்காயெண்ணெயோடு காபோலிக் அமிலத்தைக் கலந்து உயிரின மாதிரிகளைப் பேணினார். தோலைச் சுடும் அவ்வமிலமும் நஞ்சே.

மலையகத்திற்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 1946இல் இலங்கையிற் பரவிய கொப்புள நோய், நோட்டன் பிரிட்ஜ் போன்ற மழையும் மூடுபனியும் மிக்க பகுதிகளுக்கு ஏற்றதாயிருந்தது. அதனைத் தடுக்கச் செப்பு மருந்து தெளிக்கப்பட்டது. 1950களில் தேயிலைத் தண்டு துளைக்கும் வண்டுக்கெதிராக டீல்திரின் பயன்பட்டது. அந்நஞ்சு, இலைசுருட்டிப் புழுவை அடக்கிவந்த, யாவாவிலிருந்து கொணரப்பட்ட குளவியினத்தையும் அழித்தமையால் புழுக்கள் பெருகின. நஞ்சு தன் இலக்கோடு நிற்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அக்காலத் தோட்டங்களின் கருவிகள் இன்று வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன. ஹந்தானையில் 2001இல் தேயிலை அரும்பொருட்சாலையும், கம்பளைப் பகுதியில் 2007இல் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலையும் தோன்றின. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் சேகரிக்கப்படுமிடத்து, மருந்து தெளிகருவியும் மருந்துக் களஞ்சியப் பலகையும் வந்து சேர்தல் இயல்பே. ஆசனிக்கும் இரசமும் தனிமங்களாதலின் காலத்தால் அழியா. டீல்திரினோ மிக மெதுவாகவே சிதைவது.

ஆதலின் பொருளைத் தொடுமுன் அதன் முன்வரலாற்றை அறிதல் முதற்கடமையாம். எக்ஸ் கதிர்க் கருவி, பொருளைச் சிதைக்காமலே ஆசனிக்கையும் இரசத்தையும் காட்டும். டீல்திரினுக்கு வேறு இரசாயனச் சோதனை வேண்டும். கையுறை, தகுந்த சுவாசக் கவசம், தனி மேலங்கி என்பன இன்றியமையாதவை. இரச ஆவி தங்கிய அலுமாரிகளைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே திறத்தல் வேண்டும். வேலைத்தலத்தில் உணவும் வெற்றிலையும் விலக்கத்தக்கன. எச்சரிக்கைச் சீட்டு, தூசு துடைப்பவரும் வாசிக்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் அமைதல் வேண்டும்.

உழைத்தோரின் வரலாற்றைப் பேணும் நிலையமொன்று, தன்னிடம் உழைப்போரின் உடல்நலத்தைப் பேணாதுவிடின், அது காக்கும் வரலாறு பொருளற்றதாகும்.